மாமரமும் அதன் இன மரங்களும்

தமிழ்நாட்டில் மாமரம் இல்லாத ஊர் அரிது. முக்கனிகளுள் முதலாவதாக எண்ணப்படும் இம்மரத்தின் இலை வாயிலில் தோரணமாகவும், வடு ஊறுகாய்ச் சாடியிலும், காய் குழம்பிலும், பழம் விருந்திலும் இடம் பெறுகின்றன. இத்துணைப் பழக்கமான மரமாயிருந்தும், இரண்டு காரியங்களில் மட்டும் பயிரிடுவோர் பெரும்பாலும் அவசரப்படுகின்றனர். ஒன்று, நடுதல், மற்றொன்று, வெட்டுதல்.

அயலார் தோட்டத்தில் ஒரு ரகம் நல்ல விலைக்குப் போயிற்று என்று கேட்டவுடனே, அந்த ரகத்தையே நிலம் முழுவதும் நட்டுவிடுவதும், அதற்கு இடமில்லையெனில் பாட்டன் வைத்த நாட்டு மரங்களை விறகுக்கு விற்றுவிடுவதும் பல ஊர்களிலும் காணும் வழக்கம். நெல்லையோ கேழ்வரகையோ தவறாகத் தேர்ந்து விதைத்தவர் மறு பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மாங்கன்றைத் தவறாகத் தேர்ந்து நட்டவர் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே தம் தவற்றை அறிகிறார். மரமோ அவருடைய பேரன் காலம் வரையில் நிற்கும். ஆகையால் எந்த ரகம் எந்தப் பயனுக்கு உரியது, மாவின் இனத்தைச் சேர்ந்த பிற மரங்கள் யாவை, அவற்றால் தோட்டக்காரருக்கு ஆவது என்ன என்பவற்றை நடுவதற்கு முன்னரும் வெட்டுவதற்கு முன்னரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

மரத்தின் பிறப்பு

தாவர நூலார் மாமரத்தை 'மாஞ்சிபெரா இண்டிகா' என்று வழங்குவர். இதனோடு நெருங்கிய சுமார் 70 வகை மரங்கள் உலகில் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மலேயா, போர்னியோ, சுமத்திரா ஆகிய இடங்களின் காடுகளில் வளர்பவை. நாம் பயிரிடும் மாவின் பூர்வ இருப்பிடம் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியும் அதை அடுத்த பர்மா எல்லையுமாகும் என்பது ஆராய்ச்சியாளரிடையே பெரிதும் நிலவும் கொள்கை. அந்தமான் தீவுகளிலும் இலங்கையின் காடுகளிலும் தனித்தனியே காட்டு மா வகைகள் உள்ளன.

மேல்நாட்டு மொழிகள் பலவற்றில் இப்பழத்திற்கு வழங்கும் பெயர், 'மாங்காய்', 'மாங்ங' என்னும் தென்னாட்டுச் சொற்களிலிருந்து போர்த்துகேசியர் வாயிலாகச் சென்றதேயாகும். இன்றும் உலகத்தின் மாம்பழ விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இந்தியாவிலேயே விளைகின்றது.

கொட்டைக் கன்றும் ஒட்டுக் கன்றும்

இந்திய மா ரகங்களிற் பெரும்பாலானவற்றின் கொட்டையை ஊன்றினால் ஒரே முளை எழும். அம்முளை, பூவிற் படிந்த பிற மரத்து மகரந்தத்தின் கலப்பால் உண்டானது. ஆகவே அது தாய் மரத்தை ஒத்திருப்பதில்லை. தேனினும் இனிய பழத்தின் கொட்டையிலிருந்து புளிப்பும் நாருமாகக் காய்க்கும் மரம் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஒரு தோப்பில் நூறு கொட்டை மரங்கள் இருப்பின், அவை நூறு தனி ரகங்கள் என்றே கொள்ளவேண்டும்.

மேலைக் கடற்கரையில் வழங்கும் ஓலூர், குருக்கன், சந்திரக்காரன் ஆகியவையும், வெள்ளைக்கொழும்பானும் இதற்கு விலக்கு. இவற்றின் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுட் பல, தாயின் திசுவிலிருந்தே தோன்றுவதால் குணத்தில் தாயையே ஒத்திருக்கும். ஒட்டுக் கட்டுவதற்கு ஒரே சீரான வேர்ச்செடிகள் வேண்டுவோர் இவற்றை நாடுவது இது பற்றியே.

மற்ற ரகங்களை உள்ளபடியே பெருக்குவதற்கு ஒட்டு முறையே வழி. நாட்டுக் கன்றைத் தொட்டியில் வளர்த்து, தாய் மரத்தின் கிளையருகே வைத்து இணைத்துக் கட்டும் நெருக்கு ஒட்டே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. இப்போது இளங்கன்றின் தண்டைப் பிளந்து, அதில் நல்ல ரகத்தின் கிளை நுனியை ஆப்பு வடிவிற் சீவிச் செருகிக் கட்டும் மென்தண்டு ஒட்டு எங்கும் பரவியுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரைச் சுற்றிய ஊர்களில் இது ஒரு தனித் தொழிலாகவே நடைபெறுகின்றது.

ஒட்டுக் கன்றை நடுவோர் ஒன்றை மறத்தலாகாது. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரை அடியாவது இருக்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்க்கும் கொழுந்துகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். கிள்ளாது விடின், கீழுள்ள நாட்டுச் செடி ஓங்கி வளர, மேலுள்ள நல்ல ரகம் மெலிந்து மடியும். "பங்கனப்பள்ளி நட்டேன், புளிச்சி காய்த்தது" என்று நாற்றுப் பண்ணையைக் குறை கூறுவோரிற் சிலருடைய தோட்டத்தில் நேர்ந்தது இதுவே.

பயனுக்கேற்ற ரகங்கள்

விருந்துக்குரிய பழங்களுள் பங்கனப்பள்ளி முன்னிற்பது. ஆந்திர நாட்டின் பங்கனப்பள்ளி என்னும் ஊரின் பெயர் பெற்ற இது, பேனிஷான் எனவும் வழங்கும். பழம் பெரியது; பொன்னிறத் தோலும் நாரற்ற சதையும் உடையது; பல நாள் கெடாது. 2017-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சேலத்துக்குப் பெயர் தேடித் தந்த மல்கோவா உருண்டு பருத்தது. சாறும் மணமும் மிகுந்தது. ஆனால் காய்ப்புக் குறைவு. இமாம்பசந்து திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பெயர் பெற்றது. பழுத்தபின்னும் பச்சை மாறாத மெல்லிய தோலும், வாயிற் கரையும் சதையும் அதன் அடையாளங்கள். அதுவும் காய்ப்பிற் சிக்கனமானதே. அல்போன்சா மணத்திற் சிறந்தது. அயல்நாட்டுச் சந்தையிலும் மதிப்புப் பெற்றது. எனினும் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்பும், வெளியே பழுதின்றித் தோன்றியும் உள்ளே சதை பஞ்சுபோல் ஆகிவிடும் குறையும் அதற்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் இவ்வரிசையில் முதலிடம் பெறுவது கறுத்தக்கொழும்பான்.

சந்தைக்கு முந்திக்கொள்ள விரும்புவோர்க்குச் செந்தூரா உரியது. காம்பருகில் சிவப்பேறிய இப்பழம் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். சென்னையைச் சூழ்ந்த தோட்டங்களில் மிகுதியாகக் காணும் ருமானி உருண்டையானது, தோல் மெல்லியது, மிகுதியாகக் காய்ப்பது. காலாப்பாடி மரமும் சிறிது, பழமும் சிறிது, சுவையோ பெரிது. வீட்டுக் கொல்லைக்கு ஏற்றது. இராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் அவ்வட்டாரத்தின் சொந்த ரகங்கள்.

நீலம் தனியே எடுத்துக் கூறத்தக்கது. மற்றவை முடியும் தறுவாயில் இது சந்தைக்கு வரும். ஆண்டுதோறும் தவறாது காய்ப்பதும், தொலைவுக்கு அனுப்பினாலும் நசுங்காமையும் இதன் சிறப்புகள். கன்னியாகுமரிப் பக்கத்தில் பருவமல்லாக் காலத்திலும் ஒரு காய்ப்புத் தரும். கொட்டை வண்டு இதனை மிகுதியாகத் தாக்குவது ஒன்றே பெருங்குறை. தவறாது காய்க்கும் இவ்வியல்பை நாடியே ஆராய்ச்சி நிலையங்கள் நீலத்தைப் பலமுறை தாயாகவோ தந்தையாகவோ கொண்டு கலப்பினங்களை உண்டாக்கின. தில்லியில் தோன்றிய மல்லிகாவும் ஆம்ரபாலியும் நீலமும் தசேரியும் கலந்தவை. கொங்கணத்து ரத்னா நீலமும் அல்போன்சாவும் கலந்தது. பெரியகுளத்தில் உண்டான பி.கே.எம். 1 என்பதற்குச் சின்னசுவர்ணரேகாவும் நீலமும், பி.கே.எம். 2 என்பதற்கு நீலமும் மல்கோவாவும் பெற்றோர். தென்னாட்டுக் குடியானவரின் எளிய மரமொன்று நாடெங்கும் புது ரகங்களுக்கு மூலமாயிற்று என்பது கருதத்தக்கது.

ஆலைக்குரியது பெங்களூரா. கிளிமூக்கு எனவும் தோதாபுரி எனவும் இதனையே கூறுவர். நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருப்பது பெயர்க் காரணம். பழத்தின் இனிப்பு நடுத்தரமே. ஆயினும் சதை மிகுதி, கொட்டை சிறிது, காய்ப்பு ஏராளம். எனவே கிருஷ்ணகிரியிலும் ஆந்திரத்துச் சித்தூரிலும் உள்ள பழக்கூழ் ஆலைகள் இதனையே பெரிதும் கொள்கின்றன. காயாக உப்பும் மிளகாய்த் தூளும் தூவி உண்பதற்கும் இதுவே தெருக்களில் விற்கப்படுவது.

ஒரே ரகத்தை நம்புவதன் கேடு

ஏராளமாகக் காய்க்கிறது, ஆலை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டையும் கருதி, நிலம் முழுவதும் கிளிமூக்கையே நட்டவர் பலர். ஆலைகள் விரும்பி வாங்கும் ஆண்டில் அவர்களுக்குக் குறையில்லை. ஆலைகளிற் பழைய கூழ் தேங்கிநிற்கும் ஆண்டில் நிலைமை வேறு. விருந்துப் பழமாக விற்கவும் இயலாது. ஊறுகாய்க்குக் கொள்வாரும் போதார். பழுத்தபின் மரத்தில் நிறுத்திவைக்கவும் வகையில்லை. 2025-ஆம் ஆண்டில் சித்தூர்ப் பகுதியில் இதுவே நேர்ந்தது. விலை மிகவும் வீழ்ந்தமையால், கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்குமாறு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரவேண்டுமென்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டக்காரரும் அவ்வாண்டு அதே வீழ்ச்சியால் வருந்தினர்.

இதனால் கிளிமூக்கு ஆகாத ரகம் என்று கொள்ளலாகாது. ஒரே வாயிலை உடைய வீட்டில் தீப்பற்றினால் உள்ளிருப்போர் படும் பாடே, ஒரே ரகத்தை நம்பியவர் விலைவீழ்ச்சியிற் படும் பாடாகும். முந்தி வரும் செந்தூரா, நடுவில் வரும் பங்கனப்பள்ளி, பிந்தி வரும் நீலம், ஆலைக்குரிய கிளிமூக்கு எனப் பங்கிட்டு நட்ட தோட்டத்தில், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். பறிப்புக்கு ஆள் தேடும் நெருக்கடியும் குறையும்.

கலந்து நடுவதற்குத் தாவர நூற்படியும் ஒரு காரணம் உண்டு. மாவின் சில ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே கருக்கொள்வதில்லை. வடநாட்டுத் தசேரி, லங்கடா, சௌசா ஆகியவை இத்தகையவை எனத் தெளிவாகக் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய மரங்களுக்கு அருகில், உடன் பூக்கும் வேறு ரகம் இருப்பின் ஈக்களும் தேனீக்களும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும், காய்ப்பும் மிகும். 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரங்கள் நிற்கும் தோட்டத்தில், அவற்றை மூன்று நான்கு ரகங்களாகப் பிரிப்பது கடினமன்று.

நாட்டு மரங்களைக் காத்தல்

கோடரி எடுப்பதற்கு முன்னர், ஒவ்வொரு நாட்டு மரத்தையும் இரண்டு பருவங்களாவது கவனித்தல் வேண்டும். எந்த மாதத்திற் பூக்கிறது, ஆண்டுதோறும் காய்க்கிறதா, மழையிலும் பூச்சியிலும் தப்புகிறதா, காய் புளிப்பா, வடு மணக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். விலைமிக்க ஒட்டு ரகங்களில் இல்லாத குணம் ஏதேனும் ஒன்று அவற்றிற் புலப்படுதல் கூடும். மாவடுவுக்குரிய உருண்டைப் பிஞ்சும், ஆவக்காய் ஊறுகாய்க்குரிய புளிப்பும் உறுதியும் நாரும் பெரும்பாலும் நாட்டு மரங்களிலேயே கிடைக்கின்றன. ஒட்டுக் கட்டுவதற்கு வேண்டிய கொட்டைகளும் அவற்றிலிருந்தே வருகின்றன.

கொட்டையில் எழுந்த ஒரு மரம் ஒரு நாட்டின் பழத்தோட்டங்களையே மாற்றியதும் உண்டு. 1889-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து 'முல்கோபா' என்ற பெயருடன் ஒட்டுக் கன்றுகள் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்திற்குச் சென்றன. அம்மரத்தின் கொட்டைகளை 1902-ஆம் ஆண்டில் ஹேடன் என்பவர் தம் தோட்டத்தில் ஊன்றினார். அவ்வாறு எழுந்த கன்றுகளுள் ஒன்று 1910-ஆம் ஆண்டில் சிவந்த அழகிய பழங்களைத் தந்தது. ஹேடன் அதற்குள் காலமாகிவிட்டார்; பழத்திற்கு அவர் பெயரே நிலைத்தது. இன்று அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் விற்கப்படும் சிவந்த தோலுடைய ரகங்கள் பல அந்த ஒரு மரத்தின் வழிவந்தவை. அக்கன்று காய்க்குமுன் வெட்டப்பட்டிருப்பின் அவை யாவும் தோன்றியிரா.

எவ்விதப் பயனும் இல்லையென்று தெளிந்த மரத்தையும் வேரோடு வீழ்த்த வேண்டுவதில்லை. கிளைகளை ஆளுயரத்திற்கு வெட்டி, வெட்டு வாயில் போர்டோ பசையைத் தடவிவிட்டால், அடிக்கிளைகளிற் புதுத் துளிர்கள் பல எழும். அவற்றுள் திடமான சிலவற்றை மட்டும் நிறுத்தி, விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்தபின் விரும்பிய ரகத்தை அவற்றின்மேல் ஒட்டலாம். ஆழ வேரோடிய பழைய மரத்தின் வலிமை புது ரகத்திற்குக் கிடைப்பதால், புதுக் கன்று நடுவதைவிட விரைவிற் பலன் காணலாம். ஆனால் தண்டுத் துளைப்பான் வெட்டுண்ட மரத்தை எளிதில் தாக்கும். அதனைக் கண்காணிப்பது அவசியம்.

பழம் நீங்கலான பயன்கள்

மாவின் வருவாய் பழத்தோடு முடிவதில்லை. காற்றில் உதிரும் வடுவை உப்பு, மிளகாய், கடுகு, மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. முற்றிய புளிப்புக் காயைக் கீறி உலர்த்திய மாவற்றல், காய்கறி அரிதான நாளில் குழம்புக்கு உதவும். வடநாட்டார் அதனையே இடித்துத் தூளாக்கிப் புளிக்கு மாற்றாகக் கொள்கின்றனர். விலை போகாத சாற்றுப் பழங்களைப் பிழிந்து, சாற்றைப் பாயின்மேல் நாள்தோறும் ஒரு பூச்சாக ஊற்றி வெயிலில் உலர்த்தினால் தட்டையான தின்பண்டமாகும். கோதாவரிக் கரையூர்களில் இது குடிசைத் தொழிலாகவே நடைபெறுகின்றது.

கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பை ஊறவைத்துத் துவர்ப்பை நீக்கி, உலர்த்தி மாவாக்கிப் பஞ்ச காலங்களில் மக்கள் உண்டதுண்டு. அப்பருப்பில் உள்ள கொழுப்பு கொக்கோ வெண்ணெயை ஒத்தது. ஆகையால் சாக்கலேட்டுத் தொழிலிலும் பூச்சுத் தைலங்களிலும் அதற்கு இடம் உண்டு. கூழ் ஆலைகளின் பின்புறம் குவியும் கொட்டை, இதனை அறிந்தோர்க்குக் குப்பையன்று. மரப்பலகை கனமற்றது, பெட்டிகளுக்கும் ஒட்டுப்பலகைக்கும் ஏற்றது. வெயிலிலும் மழையிலும் நில்லாது. பூச்சியும் எளிதில் அரிக்கும். எனவே வீட்டு உத்திரத்திற்கு ஆகாது. மாவிலையை மாடுகளுக்குத் தொடர்ந்து தீவனமாக்குதல் கேடு.

பாலும் உறவும்

மாங்காயைக் காம்பு ஒடிக்கும்போது பீறிட்டு வரும் பாலை அறியாதார் இல்லை. வடுவுக்கு மணம் தருவது அப்பாலே. தோலிற் பட்டால் புண்ணாக்குவதும் அதுவே. மாமரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு இப்பாலே சான்று. 'அனகார்டியேசி' எனப்படும் அக்குடும்பத்தில் 800-க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் தண்டிலோ இலையிலோ கனித்தோலிலோ இத்தகைய காரமான பாலோ எண்ணெயோ ஓடுகின்றது.

இக்குடும்பத்தில் மாவுக்கு அடுத்தபடி உழவர்க்குப் பயன் தருவது முந்திரி. தென் மாவட்டங்களில் இதனைக் கொல்லாமரம் என்பர். பிரேசில் நாட்டைச் சேர்ந்த இதனைப் போர்த்துகேசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தனர். மா தழைக்காத வறண்ட செம்மண் மேட்டிலும் கடலோர மணலிலும் இது வளரும். பண்ருட்டி வட்டாரம் இதனாற் பெயர் பெற்றது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இதற்கென நல்ல ரகங்களைத் தேர்ந்து வெளியிட்டுள்ளது. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்தும். எனவே கொட்டை உடைக்கும் பெண்டிர் கைகளில் விளக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வது வழக்கம். அவ்வெண்ணெய் வீணாவதில்லை, வர்ணங்களுக்கும், படகுகளின் மரத்தைக் காப்பதற்கும், வண்டிகளின் தடைக்கட்டைகளைச் செய்வதற்கும் அது உதவுகின்றது.

சேங்கொட்டை மற்றோர் உறவு. அதன் கரிய சாறு துணியிற் பட்டால் எத்தனை வெளுப்பிலும் போகாது. ஆதலின் வண்ணார் உருப்படிகளுக்கு அடையாளமிட அதனையே கொண்டனர். சித்த மருத்துவர் அதனை முறைப்படி சுத்தி செய்து மருந்திற் சேர்ப்பர். சுத்தி அறியாதவர் கையாளுதல் ஆபத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் சேரு மரத்தடியில் நின்றாலே உடல் வீங்கும் என்று மலைவாசிகள் அஞ்சுவர். அம்மரத்தின் பால் பட்டவர்க்குக் கொப்புளம் உண்டாவது மெய்யே. ஜப்பானிலும் சீனாவிலும் இதே இனத்து மரமொன்றின் பாலை வடித்து, மரக் கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் அழியாத மெருகாகப் பூசுகின்றனர். பர்மியர் தம் காட்டு மரமொன்றின் பாலால் அத்தொழிலைச் செய்கின்றனர். கைக்குக் கேடு செய்யும் பொருளே கைத்தொழிலுக்கு மூலதனமாயிற்று.

தீங்கற்ற உறவினரும் உண்டு. சாரப்பருப்பு மரத்தின் சிறு பருப்பு இனிப்புப் பண்டங்களிற் சேர்வது. பிஸ்தாப் பருப்பும் இக்குடும்பத்ததே. மாம்புளிச்சி எனவும் காட்டுமா எனவும் வழங்கும் மரத்தின் புளிப்புக் காய் ஊறுகாய்க்கு ஆகும். அதற்கு நெருங்கிய மற்றொரு மரத்தின் காயை இலங்கையில் அம்பரலங்காய் என்று கறிக்கும் அச்சாற்றுக்கும் கொள்கின்றனர். ஒதிய மரத்தை அறியாத குடியானவர் இல்லை. "ஒதி பெருத்தால் உத்திரமாகுமா?" என்று பழமொழி அதனை இகழும். ஆயினும் கிளையை வெட்டி நட்டாலே வேரூன்றும் அம்மரம் மாந்தோப்புக்கு உயிர்வேலியாக அமைவதோடு, ஆட்டுக்குத் தழையும் பிசினும் தரும். உத்திரமாகாத குறைக்காக வேலியாகும் குணத்தை மறத்தல் நியாயமன்று.

மாங்காய் இஞ்சி என்பது பெயராலும் மணத்தாலும் மாவை நினைவூட்டுமேயன்றி, மஞ்சளின் இனத்தைச் சேர்ந்த கிழங்காகும். அதனை மாவின் உறவெனக் கொள்ளலாகாது.

உறவறிவு கற்பிக்கும் பறிப்பு முறை

இவ்வுறவைத் தெரிந்துகொள்வதால் மாந்தோட்டக்காரருக்குக் கைமேற் பலன் ஒன்று உண்டு. முந்திரி எண்ணெயைக் கண்டு அஞ்சிக் கையிற் காப்புப் பூசுவோர், மாம்பாலைப் பொருட்படுத்துவதில்லை. பறிக்கும்போது காய்மேல் வழியும் பால் அதன் தோலைச் சுடும். பறித்த அன்று தெரியாத அந்தத் தழும்பு, பழுக்கும்போது கறுத்துத் தோன்றும்; உள்ளே சதை நன்றாயிருப்பினும் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். கிளையை உலுக்கியும் காம்பின்றிப் பறித்தும் ஒரே கூடையிற் கொட்டுவோர் ஆண்டுதோறும் இந்நஷ்டத்தை அடைகின்றனர்.

இதனைத் தவிர்ப்பது எளிது. கத்தியும் வலைப்பையும் பொருத்திய தொரட்டியால் காம்பு நீளமாக இருக்குமாறு பறிக்கவேண்டும். பின்னர் நிழலில் காம்பைக் குட்டையாக நறுக்கி, காயைத் தலைகீழாகச் சட்டத்தின்மேலோ வலையின்மேலோ வைத்துப் பால் முழுவதும் கீழே வடிய விடவேண்டும். வெறுந்தரையில் குவித்தலாகாது. பிறகு சுத்தமான நீரிற் கழுவி உலர்த்தி அடுக்கலாம். பறிப்போர் முழுக்கைச் சட்டை அணிவதும், வேலை முடிந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் நல்லது. சேங்கொட்டையோ முந்திரி எண்ணெயோ ஒவ்வாதவர்க்கு மாம்பாலும் மாம்பழத் தோலும் ஒவ்வாமை தருதல் கூடும். அத்தகையோர் தோல் நீக்கிய பழத்தையே உண்ணவேண்டும். பறிப்பு வேலைக்கு அவர்களை ஏவுதலும் தகாது.

பழுக்கவைப்பதிலும் நேர்மை வேண்டும். கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைத்தல் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. முற்றிய காயை வைக்கோலில் அடுக்கினால் தானே பழுக்கும். மிகுதியான சரக்குக்கு, விதிகள் அனுமதிக்கும் எத்திலீன் வாயு அறைகள் உள்ளன. முற்றாத காயை எம்முறையிற் பழுக்கவைத்தாலும் நிறம் வருமேயன்றிச் சுவை வாராது.

முடிவாகக் கவனிக்க வேண்டுவன

மாந்தோட்டம் வைக்க எண்ணுவோர் முதலில் தம் பழம் எங்கே செல்லும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அருகே சந்தை இருப்பின் விருந்துப் பழங்களும், ஆலை இருப்பின் கிளிமூக்கும், இரண்டும் தொலைவாயின் நீலம்போல் தாங்கும் ரகமும் ஏற்றவை. எந்நிலையிலும் ஒரே ரகத்தை முழு நிலத்திலும் நடாது, பருவத்தாலும் பயனாலும் வேறுபட்ட மூன்று நான்கைக் கலந்து நடுதல் நன்று. மாவுக்கு ஆகாத மேட்டில் முந்திரியும், வேலியில் ஒதியும், கொல்லையில் ஊறுகாய்க்கென ஒரு நாட்டு மரமும் நிற்கட்டும். பழைய மரத்தை அதன் குணத்தை அறிந்தபின்னரே நீக்குவதா, மேலே ஒட்டுக் கட்டுவதா என்று முடிவு செய்யவேண்டும்.

முன்னோர் கொட்டையை ஊன்றியபோது அது எத்தகைய பழம் தரும் என்று அறிந்திலர், ஆயினும் வளர்த்தனர். இன்று நடுவோர்க்கு ரகமும் பருவமும் பயனும் முன்கூட்டியே தெரியும். அவ்வறிவைப் பயன்படுத்தி, நடுமுன் ஒருமுறையும் வெட்டுமுன் இருமுறையும் ஆராய்வாராயின், தோட்டம் அவர்களுக்கும் அவர்கள் மக்களுக்கும் குறைவின்றிப் பலன் தரும்.